மாட்டும் முன் படிக்கவும்

மகராசிக்கு,

நெருப்பை அடக்கியவனே மனிதன். அந்தப் பட்டியலில் இன்று காலை எனக்கு இடம் கிடைக்கவில்லை.

உன் அண்ணன் வருவதற்குள் வெளியடுப்பில் சிலிண்டரை நீயே மாட்டிவிடு. முதலில் அடுப்பின் திருகுகளெல்லாம் மூடியிருக்கட்டும். இணைப்பைக் கையால் இறுக்கினால் போதும். பிறகு சிலிண்டரை மெதுவாகத் திறந்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவு. குமிழி வந்தால் உடனே மூடிவிடு, பற்றவைக்காதே.

"சோப்பு பாத்திரம் கழுவத்தான், நீ எனக்குப் பாடம் எடுக்காதே" என்று நேற்று நான் உன்னிடம் எகிறியதை மறந்துவிடு.

செருப்பு மாட்டிய பிறகும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சிலிண்டர் மூடித்தான் இருக்கிறது. நீயும் ஒருமுறை பார்.

பி.கு: நீ எழுவதற்கு முன் நானே மாட்டி, கசிவைத் தீக்குச்சியால் சோதித்தேன்; பிறகு கழற்றிவிட்டேன். அண்ணனிடம் சொல்லாதே.

இன்னொன்று: உன் கண்மைப் பென்சிலைத் தேடாதே, என்னிடம் இருக்கிறது. இடது புருவத்தில் பாதி இல்லை.