கிளீட்டஸின் வயிற்று வலி

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் மஸ்கட்டுக்கு எழுதுகிறேன். பயப்படாதே, நம் தம்பி கிளீட்டஸ் பிழைத்துவிட்டான். குடல்வால் வெடித்து நேற்று ஆபரேஷன் நடந்தது.

மூன்று நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தான். "சின்னக்கா, உள்ளுக்க நண்டு கடிக்கு" என்றான். பன்னிரண்டு வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். சுவர் பேசுகிறது என்றும் சொன்னவன்தானே. ஆனாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவனுடைய மாத்திரைச் சீட்டை மட்டும் பார்த்தார். "பழைய சூக்கேடுதான், கூட்டிட்டுப் போங்க" என்று மனநோயின் மேல் பழியைப் போட்டார்.

அவரைத் திட்டி இங்கே நாலு வரி எழுதி, பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். அன்று சாயங்காலம் முனகல் தாங்காமல், "கொஞ்சம் சும்மா இரிலே!" என்று நானும் கத்தினேன். தூக்க மாத்திரை ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் அவனால் எழ முடியவில்லை, உடம்பு கொதித்தது. கடியப்பட்டணத்திலிருந்து ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். "முதல்ல வயித்தத் தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். அவர் தொட்ட பிறகுதான் சீட்டை நீட்டினேன். உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

இன்று கண் விழித்தான். "வலிக்கா மக்கா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, "இல்லக்கா, நான் சும்மாத்தான் இருக்கேன்" என்றான். நான் வெளியே வந்ததும் நர்ஸைக் கூப்பிட்டு, ரொம்ப வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

அக்கா, நீ போன் பண்ணி அவனிடம் கேள். உன்னிடமாவது சொல்லுவான்.

உன் தங்கை