இழுத்துக் கட்டிய கயிறுகள்

கோபன்ஹேகன்
12 ஜனவரி 1932

அன்புள்ள விகோ,

புத்தாண்டு வாழ்த்துக்கு நன்றி. உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் போர்க்கப்பல் ஸ்கார்வன் ஃபாரோ தீவுகளுக்கு வடக்கே கவிழ்ந்து ஐந்து வாரங்களாகின்றன. இறந்தவர்கள் முப்பத்தொரு பேர். உயிரோடு மீட்கப்பட்ட இருவரில் கொதிகலன் ஆளை நேற்று மருத்துவமனையில் பார்த்தேன். "ஒம்பது மணி நேரம் மரச் சுத்தியலால பனிக்கட்டிய ஒடச்சோம் சார். கேப்டனும் எங்களோட நின்னு ஒடச்சாரு. கப்பல் சாஞ்சுது. நிமிரும்னு காத்திருந்தோம். நிமிரல" என்றான்.

கேப்டன் ஏய்லர் க்ராக் முன்பே திரும்பியிருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு எழுதப்போகிறது. எவ்வளவு பனி ஏறினாலும் கப்பல் நிமிரும் என்பதற்கு நாம் கொடுத்த தாளை அவன் நம்பினான். அந்தத் தாள் தவறு.

1924இல் நான் வரைந்த கப்பலின் மேல்தளத்தில், ஆறு ஆண்டுகள் கழித்து வானொலி அறையையும் இன்னொரு பீரங்கியையும் ஏற்றினார்கள். ஆகவே சாய்வுச் சோதனை நடந்தது. இரும்புக் கட்டிகளைத் தளத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்த்தி, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று தூக்குக் குண்டால் அளந்தோம். குறைவாகச் சாய்ந்தால் உறுதியான கப்பல் என்று பொருள். அந்த நேரத்தில் கரைக்கயிறுகள் தளர்ந்திருக்க வேண்டும். அன்று கப்பலுக்குப் பொறுப்பு நீ. "அட்மிரல் பாக்க வர்றாரு. கயிறு இப்படித் தொங்கினா, எவனோ துணி காயப்போட்டிருக்கான்னு நெனைப்பாரு. இழுத்துக் கட்டுங்கடா" என்றாய். கட்டினார்கள். சாயவிடாமல் கப்பலைக் கரை பிடித்துக்கொண்டது.

அதே அளவில் கட்டி, அதே மாற்றங்களைச் செய்த ஹாவ்லிட் கப்பலும், அதே தாளை நம்பி, பிப்ரவரி முதல் தேதி ஃபாரோவுக்குப் புறப்படுகிறது. அதில் முப்பத்து மூன்று பேர். நடந்ததைக் குழுவிடம் சொல்.

உன்
ஹோல்கர்

&nbsp;

ஃப்ரெடரிக்ஸ்ஹாவ்ன்
17 ஜனவரி 1932

என் அன்பு ஹோல்கர்,

இலையுதிர் காலம் முழுக்க ஒரு வரி எழுதாதவன், எழுதியதும் குற்றப்பத்திரிகையாகவா எழுதுவாய்? இங்கர் உன்னை விசாரித்தாள். "அவரு சரியாச் சாப்பிடறதில்ல, அதான் இப்படி எழுதுறாரு. ஒரு வாரம் இங்க வந்து இருக்கச் சொல்லுங்க" என்கிறாள். புகைத்த விலாங்கு வைத்திருக்கிறோம். வா.

க்ராக் நல்ல பையன். என் மனமும் வேகிறது. ஆனால் வடகடல் பனிக்கும் நம் துறைமுகக் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? கயிறு கொஞ்சம் இறுகியிருந்திருக்கலாம், நினைவில்லை. கப்பற்படையில் கயிற்றைத் தொங்கவிட்டு யாரும் மேலதிகாரியை வரவேற்றதில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள். இறந்தவனுக்கு இனி எதுவும் வலிக்காது. யோசி.

என்றும் உன்
விகோ

&nbsp;

கோபன்ஹேகன்
20 ஜனவரி 1932

விகோ,

யோசித்தேன். இறந்தவனுக்கு வலிக்காது, அவன் மனைவி ராக்னில்டுக்கு வலிக்கும். முப்பது பேரைக் கொன்றவனின் மனைவி என்ற பெயரோடு அவள் தேவாலயத்துக்குப் போகவேண்டியிருக்கும்.

குழுவிடம் நேற்று நேரில் பேசினேன். மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். "வடிவமைத்தவர் தம் வடிவமைப்பைக் காக்கப் பேசுவது இயல்பு" என்றார் தலைவர். சோதனையன்று கப்பலுக்குப் பொறுப்பான அதிகாரி, அதாவது நீ, சொன்னால் மட்டுமே ஹாவ்லிட்டை நிறுத்துவார்களாம். பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. அழைப்புக்கு நன்றி, விலாங்கு வேண்டாம்.

ஹோல்கர்

&nbsp;

ஃப்ரெடரிக்ஸ்ஹாவ்ன்
24 ஜனவரி 1932

ஹோல்கர்,

இதை எழுத நான் விரும்பவில்லை. நீதான் எழுத வைக்கிறாய்.

கரையில் என் பக்கத்தில் இரண்டடி தூரத்தில் நின்றவன் நீ. கயிறு மேஸ்திரி உன்னைப் பார்த்து, "ஐயா, இவ்ளோ இறுக்கினா அளவு தப்பா வருமே, பரவாயில்லையா?" என்று கேட்டான். நீ என்ன சொன்னாய்? ஒன்றும் சொல்லவில்லை. குண்டு லேசாகவே அசைந்ததைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு அட்மிரலோடு உட்கார்ந்து மீன் சாப்பிட்டு, மேசையிலேயே தாளில் கையெழுத்திட்டாய். அதில் என் கையெழுத்து இல்லை. உன்னுடையது மட்டுமே இருக்கிறது.

நான் குழுவிடம் போனால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டியிருக்கும். நம் நட்புக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

விகோ

&nbsp;

கோபன்ஹேகன்
30 ஜனவரி 1932

மதிப்பிற்குரிய கமாண்டர் ரோசன்கில்ட் அவர்களுக்கு,

தங்கள் 24ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேஸ்திரி கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. எவ்வளவு எடை ஏற்றினாலும் என் கப்பல் அசையாது என்று குண்டு காட்டியது. அதை நம்ப எனக்கு விருப்பமாக இருந்தது. அட்மிரலின் எதிரில் மறு சோதனை கேட்பது கௌரவக் குறைவு என்றும் பட்டது.

தங்கள் கடிதம் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. பிறர் கட்டிய கயிற்றைப் பற்றி நான் பேசும்வரை, அது தற்காப்பு. என் கையெழுத்தை நானே பொய் என்று சொன்னால், அந்தத் தாள் செல்லாது. 26ஆம் தேதி எழுத்து மூலம் அதைச் சொன்னேன். அன்றே ஹாவ்லிட் நிறுத்தப்பட்டது. அன்றே என் பதவியும் முடிந்தது. இரண்டும் முறைதான்.

நேற்று கயிறுகளைத் தளர்த்திச் சோதனை செய்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்றேன். குண்டு நம் தாளில் உள்ளதைப்போல் இரண்டரை மடங்கு நகர்ந்ததாக மேஸ்திரி வந்து சொன்னார். "பன்னெண்டு மணிக்கெல்லாம் பசங்க மூட்டையோட எறங்கிட்டாங்க" என்றார்.

அங்கிருந்து திருமதி க்ராக்கின் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். "கயிறு இறுகினத நீங்க பாத்தீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்த்தேன் என்றேன். எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து, நான் தெருவில் இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

என் வாக்குமூலத்தில் கட்டச் சொன்னவராகத் தங்கள் பெயரும், கட்டவிட்டவனாக என் பெயரும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இனி நம் இருவரையும் சேர்த்துச் சொல்ல அந்த வாக்கியம் போதும். பதில் எழுத வேண்டாம்.

எச். பிரிங்க்