இறுக்காத நட்டு

இன்று காலை மரக்கடையில் பலகை கருகும் வாடை அடித்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஈரமான டர்பன்டைன் மரப் பலகையை ரம்பத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். வெட்டுவாய் ஓரம் கறுத்துப் புகைந்தது. முதலாளி நானா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “பல்லு மழுங்கிட்டு போல. கழட்டி அரம் போடுங்க” என்றார்.

நான் சுவிட்சை அணைத்தேன். சுழலும் ரம்பச் சக்கரம் முழுதாக நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறி வைத்து, அந்தப் பல்லுக்கும் பலகைக்கு வழிகாட்டும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு குச்சியால் அளந்தேன். சக்கரத்தைக் கையால் திருப்பி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்தேன். பின்னால் ஒரு நகக்கனம் குறைந்தது. சட்டம் கோணிப்போய்ப் பலகையை ரம்பத்தின் மேல் நெருக்கிக்கொண்டிருந்தது. பல்லில் ஒரு குறையும் இல்லை.

“இத எங்க படிச்சீங்க?” என்று புதியவர் கேட்டார். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. “தோட்டத்துல” என்று மட்டும் சொன்னேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை.

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய அடுத்த வருஷம் அந்த ரம்பம் நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. அக்கரப்பத்தனை ரோட்டில் லொறி ஏற முடியாமல் திணறியதும், பெட்டியோடு அதை நாம் பத்துப் பேர் இறக்கியதும் உனக்கு மறந்திருக்காது. நாம் குடியிருந்த லயத்து வீடுகளின் கதவு, ஜன்னல், பாலத்துப் பலகை எல்லாவற்றையும் இனித் தோட்டத்திலேயே அறுக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. நம் இருவரையும் தச்சுக் கொட்டகைக்குப் போட்டார்கள். உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம். டவுனிலிருந்து வந்த மெக்கானிக் அரை நாள் நின்று காட்டிவிட்டு, மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். மிச்சத்தை நாமேதான் கண்டுபிடித்தோம்.

கண்டுபிடித்தது முக்கால்வாசி நீ. இரும்பு மேசை ஆடக்கூடாது என்று சிமெந்துத் தரையில் அதை மூன்று முறை தூக்கி உட்கார வைத்தாய். தட்டில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்தாய். ரம்பம் பலகைக்கு மேலே ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும் என்றாய். ரம்பத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்கச் சொன்னாய். கடைசி ஒரு முழத்தை விரலால் தள்ளக்கூடாது என்று நீயே ஒரு தள்ளுகட்டை செதுக்கினாய். பெக்டரி இஞ்சினிலிருந்து வரும் பெல்ட்டைக் கழற்றாமல் ரம்பத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் நீ என் தோளைப் பிடித்து இழுப்பாய். “கையால தொட்டுப் பாக்காம சரின்னு சொல்லாத மச்சான்.” எத்தனை முறை சொன்னாயோ.

ரம்பத்துக்குப் பின்னால் நின்ற அந்தத் தகட்டைப் பற்றி மெக்கானிக் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஈர மரம் அறுபட்டதும் இரண்டு பக்கமும் மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், ஒட்டினால் ரம்பத்தைக் கவ்வும், கவ்வினால் பலகை நம்மேல் திரும்பிப் பாயும், அதைத் தடுக்கத்தான் இந்தத் தகடு வெட்டுவாய்க்குள் நுழைந்து நிற்கிறது என்று எனக்கு விளக்கியது நீதான். ரம்பத்தை மூடும் மூடியும் அதே தகட்டில்தான் பொருந்தியிருந்தது. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தவை இரண்டு நட்டுகள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. கதவுச் சட்டங்களுக்குக் காடி வெட்டும் வேலை. காடி என்பது மேலோட்டமான பள்ளம், மரத்தை முழுதாகப் பிளப்பதில்லை, அதனால் தகட்டையும் மூடியையும் கழற்றித்தான் வெட்ட வேண்டும். கழற்றியவன் நான். வேலை முடிந்ததும் மாட்ட வேண்டியவனும் நான். தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்து ஒரு சட்டைத் துணி எடுத்துவிட வேண்டும் என்று எனக்குக் காலில் சுடுதண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. தகட்டை வைத்து நட்டுகளை விரலால் திருகினேன். ஸ்பேனரைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

நீ வெளியே பலகை அடுக்கிக்கொண்டிருந்தாய். “தகட்ட மாட்டி இறுக்கிட்டியா?” என்று கேட்டாய்.

“இறுக்கிட்டேன், இறுக்கிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பள்ளத்தில் இறங்கி ஓடினேன்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து நான் கொட்டகைக்கு வருவதற்குள் நீ வேலையைத் தொடங்கியிருந்தாய். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற நீ, அன்று என் சொல்லைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் வாசலில் கால் வைத்தபோது பெல்ட் கிறீச்சிட்டது. தகடு மூடியோடு சாய்ந்து விழுந்தது. பலகை ரம்பத்தைக் கவ்விக்கொண்டு எகிறிப் பின்னோக்கிப் பாய்ந்தது. நீ ஒதுங்கி நின்றதால் அது உன் மேல் படவில்லை. ஆனால் பலகை மேல் இருந்த உன் இடது கையையும் சேர்த்து ரம்பத்தின் மேல் இழுத்துவிட்டது.

மூன்று விரல்கள் போயின. நீ கத்தவில்லை. துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு மரத்தூள்மேல் உட்கார்ந்து, “பெல்ட்டக் கழட்டு, மொதல்ல பெல்ட்டக் கழட்டு” என்றாய். உன்னைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் லொறிக்கு ஓடினார்கள். நானும் ஓடியிருக்க வேண்டும்.

நான் கொட்டகையிலேயே நின்றேன். மரத்தூளில் கிடந்த நட்டுகளைப் பொறுக்கினேன். ஸ்பேனர் மேசைக்கு அடியில்தான் கிடந்தது. துரையும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் வருவதற்குள் தகட்டை நிறுத்தி, நட்டுகளை முழு பலத்தோடு இறுக்கிவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே. அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள், வேலை போனால் லயத்து அறையும் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் என் கை அதைச் செய்தபோது அம்மாவை நான் நினைக்கவில்லை. என்னை மட்டுமே நினைத்தேன்.

கட்டுப்போட்ட கையோடு நீ திரும்பி வந்ததும் ஆபீசில் விசாரணை நடந்தது. துரை தனக்குத் தெரிந்த தமிழில், “மெசின் நல்லா இருக்கு. தகடு டைட்டா இருக்கு. நான் பாத்தது. நீ எப்புடி கை வுட்டது?” என்று கேட்டார்.

தகடு இறுகி இருந்தது என்ற சொல்லைக் கேட்டதும் நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். அது விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம் இருவர் மட்டுமே. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருக்கும். நான் தரையைப் பார்த்தேன்.

“என் கவனக்கொறவுதாங்க தொர” என்றாய்.

உன்னை மலைக்கு அனுப்பினார்கள். ஒரு கையால் புல்வெட்டும் வேலை. என்னை ரம்பத்துக்கு முதல் ஆளாகப் போட்டார்கள். பெரட்டுக் களத்தில் நீ மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பாய். நான் வேறு பாதையாகக் கொட்டகைக்குப் போகப் பழகிக்கொண்டேன். அன்று ஓடிப்போய் எடுத்த துணியில் தைத்த சட்டையை இரண்டு தீபாவளிக்குப் போட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் நீயே கொட்டகைக்கு வந்தாய். மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. அடுக்கியிருந்த பலகைமேல் உட்கார்ந்து, “அப்புறம் மச்சான்?” என்றாய்.

“பெல்ட்டு தேஞ்சு போச்சு. புதுசு கேட்டிருக்கேன்” என்றேன்.

“ம். வேற ஒண்ணும் இல்லியா?”

“வேற என்னா, ஒண்ணும் இல்ல.”

நீ எழுந்து போகும்போது, பழக்க தோஷத்தில், தகட்டின் நட்டுகளை வலது கையால் தொட்டு அசைத்துப் பார்த்தாய். பிறகு மூட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டாய். அடுத்த மாதம் உன் மனைவி பார்வதியின் அண்ணன் இருக்கும் வட்டவளைத் தோட்டத்துக்குப் பெட்டியைக் கட்டிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். அம்மா இறந்தபின் நானும் தோட்டத்தை விட்டு ஹட்டனுக்கு வந்து இந்த மரக்கடையில் சேர்ந்தேன். கைவேலை தெரிந்தவன் என்று நானா நல்ல மரியாதை கொடுக்கிறார். அது உன் கைவேலை.

நெஞ்சுச் சளி முற்றி நீ போய்விட்டாய் என்று உங்கள் தோட்டத்திலிருந்து பலகை வாங்க வந்த ஒருவர் சொன்னார். அன்றைய ரயிலிலேயே வந்தேன். காடாற்றி முடித்திருந்தார்கள். லயத்து வாசலில் பார்வதி கூரைத் தண்ணீருக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “வாங்கண்ணே” என்று உள்ளே கூப்பிட்டுப் பாலில்லாத சாயத் தண்ணி கொடுத்தாள்.

வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகளை எடுத்தேன். “தங்கச்சி, அன்னைக்கு அந்தத் தகடு...”

“தெரியும்ணே” என்றாள். குரல் உயரவில்லை. “ஆஸ்பத்திரியில வச்சே எங்கிட்ட சொல்லிட்டாரு, நட்டு எறுகலன்னு. ஆபீசுல ஏங்க ஒத்துக்கிட்டீங்கன்னு நான் சண்ட போட்டேன். எனக்குத்தான் கை போச்சு, அவனுக்கும் ஏன் வேல போகணும்னாரு.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாருண்ணே. அங்க இருந்தப்பவும் பாத்தாரு, இங்க வந்தும் பாத்தாரு. வாசல்ல நாய் கொலச்சா, அவனா பாருன்னுவாரு. மூணு வருசம் இருக்கும். அப்புறம் கேக்கறத வுட்டுட்டாரு.”

நான் அவள் காலில் விழப் போனேன். அவள் நகர்ந்துகொண்டாள். “வேணாம்ணே. ரயிலுக்கு நேரமாச்சு” என்றாள்.

ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வேலை, மழை, உடம்பு சரியில்லை என்று எத்தனையோ காரணம் எனக்கு இருந்தது. நீ என்னைத் திட்டியிருப்பாய், ஒருவேளை அடித்திருப்பாய், பிறகு சாயத் தண்ணி குடித்திருப்போம். உன் விரல்களுக்காக நான் பல இரவு அழுதிருக்கிறேன். வாசலில் நாய் குரைக்கும்போதெல்லாம் யார் என்று பார்க்கச் சொன்ன நீ, ஏதோ ஒரு நாள் பார்க்கச் சொல்லாமல் இருந்துவிட்டாயே, அந்த ஒரு நாளை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.