பேச்சு வந்த வருஷம்

என் கடைக்குட்டிக்கு,

நீ வாங்கின பழைய கிடாரோட போட்டோ வந்துச்சு. "நானும் இதுவும் ஒரே வருஷம்மா, கூடப் பிறந்தது மாதிரி இருக்கு"ன்னு எழுதியிருந்த. உங்கப்பாகிட்ட நீட்டினேன். வாட்ச் ரிப்பேர் பண்ற லென்ஸைக் கண்ணுல மாட்டிக்கிட்டு, கிடார் வயித்துக்குள்ள ஒட்டியிருக்கிற சீட்டுல வருஷத்தைப் படிச்சார். அப்புறம் ரொம்ப நேரம் லென்ஸைக் கழட்டவே இல்லை.

நீயும் அவரும் முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கீங்க, அந்தச் சண்டையில நான் தலையிடல. ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. அது நீ பிறந்த வருஷம் இல்லை. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பிறந்துட்ட.

ரெண்டரை வயசு தாண்டியும் உனக்குப் பேச்சு வரல. நாங்க ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒருநாள் அப்பாவோட கடையில, வாட்சுங்க நடுவுல உட்கார்ந்துக்கிட்டு "அப்பா"ன்னு கூப்பிட்ட. மனுஷன் கையில இருந்த குட்டி ஸ்க்ரூ எங்கேயோ தெறிச்சுப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல.

ஸ்கூல்ல சேர்க்கும்போது அந்த வருஷத்தையே நீ பிறந்த வருஷம்னு சொல்லிட்டார். "பிள்ளை பேச ஆரம்பிச்சதுல இருந்து எண்ணினா போதும். பெரிய பசங்களோட அவன் மல்லுக்கட்ட வேண்டாம்"னார்.

அதனால, உன் வருஷம் இல்லைன்னு கிடாரைத் திருப்பிக் கொடுத்துடாதே. அது உன் பேச்சோட கூடப் பிறந்தது.

நீ அவர்கிட்ட எதுவும் பேச வேண்டாம். ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, கொஞ்சம் வாசி. நான் போனை அவர் பக்கத்துல வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிடறேன்.

உன் அம்மா