மின்னுவின் எடைச் சீட்டு

3 ஆகஸ்ட் 1998, திங்கள்

எங்கள் நாய் மின்னு இன்றும் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறாள். என் வீட்டுக்காரி லீலாபாய் என்னிடம் சொல்லாமல் மிருக டாக்டர் ராஜையனிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். கர்ப்பப்பையில் சீழாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

அந்த ஆளிடமா! நாலு வருஷத்துக்கு முன்னால் என் பழைய நாய் டிப்பு மயக்க ஊசியோடு கண்ணை மூடியது அவர் மேசையில்தானே? "கொன்னுட்டீரே ஓய்" என்று வாசலில் நின்று கத்தினேன். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை.

"பின்ன யாருகிட்ட கொண்டு போவிய? அவ செத்துப் போவா, கேட்டுதா?" என்றாள் லீலா.

சரி, போகிறேன். ஆனால் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் நானே பார்ப்பேன்.

4 ஆகஸ்ட்

முகத்துக்கு நேரே கேட்டேன். தீனியை எப்போது நிறுத்தணும்? மயக்கத்தில் கிடக்கும்போது மூச்சைப் பார்ப்பது யார்? மருந்து எந்தக் கணக்கில்?

டாக்டர் கோபப்படவில்லை. "முந்தின ராத்திரியோட தீனிய நிறுத்திரணும். மூச்சு பாக்க வேணும்னா நீங்களே நில்லுங்க. மருந்து எடைக் கணக்காக்கும். இஞ்ச தராசு இல்ல. போன தடவ மாதிரி ஸ்டேஷன்ல எடை போட்டு எழுதிக் கொண்டு வாங்க சாரே."

போன தடவை மாதிரி — குத்திக் காட்டுகிறாரோ?

5 ஆகஸ்ட்

தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனில், நான் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸ் தராசில் மின்னுவை ஏற்றிச் சீட்டு எழுதினேன். கூடப் பிடித்துக்கொண்டிருந்த போர்ட்டர் சுடலைக்கண்ணு எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, முள்ளு பதினாலுல்லா காட்டுது? இருபதுன்னு எழுதியிருக்கிய?"

கை தானாக எழுதியிருக்கிறது! பதினெட்டு வருஷப் பழக்கம். பார்சலுக்குக் கட்டணம் பத்துப் பத்துக் கிலோவாகத்தான்; பதினொன்றானாலும் பத்தொன்பதானாலும் சீட்டில் ஏற்றி இருபது என்றுதான் எழுதுவோம்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. டிப்புவின் சீட்டையும் இதே கைதானே எழுதியது?

வீட்டுக்கு வந்ததும் 94ஆம் வருஷ டைரியைத் தேடி எடுத்தேன். "டிப்பு 20 கிலோ." இருபதா? அவனை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டல்லவா டாக்டரின் படியேறினேன்! இருபது கிலோவுக்கான மயக்க மருந்தை அவனுக்கு ஏற்ற வைத்தது நானாக்கும். பாவி, நான்.

6 ஆகஸ்ட்

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? மின்னுவின் சீட்டைத்தான் திருத்தியாகிவிட்டதே — இல்லை. சொல்லணும். ஊசி போடுவதற்கு முன்னால் சொல்லணும்.

7 ஆகஸ்ட், வெள்ளி

சொன்னேன்.

டாக்டர் மின்னுவின் சீட்டை வாங்கிப் பார்த்தார். "அது மட்டுந்தான் காரணம்னு சொல்ல முடியாது சாரே. நானும் நாயத் தூக்கிப் பாக்காம சீட்ட நம்பினேன். அடர்ந்த முடியப் பாத்து ஏமாந்துட்டேன். எங்க தப்பிப் போச்சுன்னு நாலு வருஷமா யோசிச்சிட்டுதான் இருக்கேன்."

அழுதுவிட்டேன்.

அவர் மின்னுவைத் தன் கையால் தூக்கிப் பார்த்தார். தன் வாட்சைக் கழற்றி என்னிடம் தந்தார். "மூச்ச எண்ணுங்க. குறைஞ்சா உடனே சொல்லணும்."

நாற்பது நிமிஷம். ஒரு மூச்சைக்கூட எண்ணாமல் விடவில்லை. பதினொன்றரைக்கு மின்னு கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

8 ஆகஸ்ட்

கஞ்சி குடித்தாள்.

22 ஆகஸ்ட், சனி

தையல் பிரிக்கப் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இப்போது ஒரு தராசு இருக்கிறது. நானும் சுடலைக்கண்ணும் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்துச் சரி பண்ணிப் போட்டது. என் லீவு நாட்களில் முள் பார்த்து எழுதுவது நான்தான்.

இன்று முதலில் மின்னு. உள்ளேயிருந்து டாக்டர் கேட்டார்: "சாரே, முள்ளு எங்க நிக்குது?"

பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டே முக்கால் என்றே எழுதினேன்.