மாப்பிள்ளை குடிபோகும் ஊர்

சீத்தா கேம்ப்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து

அன்புள்ள நஸீராவுக்கு ஜமால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பைசானும் சுகம். உன் சுகத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, நீ அனுப்புகிற வாய்ஸ் மெசேஜிலேயே தெரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு உற்சாகமாக நீ பேசி நான் கேட்டதில்லை. அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கிறது. நான் ஹலோ என்றால் நாலு பெண்கள் பதில் ஸலாம் சொல்கிறார்கள். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேச ஊரையே கூட்டவா முடியும்? இங்கே ஹிந்தியில் படித்து வளர்ந்த நம் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. காகிதத்தைத் திறந்தே போட்டுவிட்டுப் போனாலும் பைசானுக்கு அது கோழி கிண்டின மாதிரிதான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் தையல் மிஷினைப் பார்சலில் அனுப்பச் சொல்லி பைசானிடம் கேட்டாயாமே? என்னிடம் ஏன் கேட்கவில்லை? நேற்று நம் பை தைக்கிற கார்கானாவிலிருந்து வந்து பார்த்தால், அது சாக்கு கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. உம்மா கேட்டார்கள், கட்டி வைத்தேன் என்று மொபைலைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். திரும்பி வரப் போகிறவளுக்கு அங்கே எதற்கு மிஷின்?

உன் உம்மாவின் தங்கை, சாச்சி மௌத்தானபோது, வீடு உன் பேருக்கு வருகிறது, போய் ஓடு மாற்றிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வா என்று ரயில் ஏற்றிவிட்டவன் நான்தான். பத்து நாள் என்றாய். மழைக்கு முன்னால் போனவள். இங்கே மழையும் விட்டு இப்போது அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஓடு மாற்றி முடிந்ததா என்று கேட்டால், பூவரச மரத்தில் எத்தனை மைனா இருக்கிறது என்று பதில் சொல்கிறாய்.

போன மெசேஜில் கீழத்துறைப்பட்டணத்தின் சரித்திரத்தையே ஓதியிருந்தாய். அங்கே கடல் ஆழம் காணாது, கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், தோணிகள் போய்த்தான் சரக்கை இறக்கி வரும், கருவாடும் உப்பும் கொழும்புக்குப் போய்க் கிராம்பும் ஏலமும் வந்தது என்றெல்லாம். முழுசும் கேட்டேன். சரி, இப்போது அங்கே என்ன இருக்கிறது? ஆற்று வாயை மணல் மூடிவிட்டது. தோணி கட்டின கல்தூண்களில் ஆடு கட்டியிருப்பதை நீ அனுப்பின போட்டோவிலேயே பார்த்தேன். லைட் ஹவுஸிலிருந்து தண்ணீரைத் தொட மணலில் பாதி உயிர் போக நடக்க வேண்டும். கடலே வேண்டாமென்று தள்ளிப்போன ஊர் உனக்கு மட்டும் என்ன அப்படி இனிக்கிறது?

அந்த முடுக்கு வேறு. வீடுகளின் பின்வாசலெல்லாம் திறக்கிற, பெண்கள் மட்டும் நடக்கிற சந்து. தெருவில் கால் வைக்காமலே ஊரின் அந்தக் கோடிக்குப் போய் வந்தேன் என்று சொல்லிச் சிரித்தாய். இங்கே மான்குர்த் ஸ்டேஷனில் கூட்டத்தை முழங்கையால் இடித்து ரயில் ஏறினவளா இது என்று நினைத்துக்கொண்டேன். நம் நிக்காஹ் அன்று என்னை முன்கூடத்தில் உட்கார வைத்து ஷர்பத் கொடுத்துவிட்டு, எல்லா முடிவையும் அந்த முடுக்கில் நின்றுதான் எடுத்தார்கள். இப்போதும் அங்கே ஏதோ முடிவாகியிருக்கிறது. எனக்குத்தான் கடைசியில் தெரியவருகிறது.

இருப்புக்கொள்ளவில்லை நஸீரா. கார்கானாவில் பைக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைக்கிறேன். பிரித்துத் தைத்தால் மறுபடியும் அப்படியே. சாயங்காலம் ட்ராம்பே படகுத்துறைக்குப் போகிறேன். அங்கும் சேறுதான், நாற்றம்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.

பொறுக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை வாஷி பாலம் தாண்டி நெருளுக்குப் போய் உன் மாமா மகன் ரோஷனைப் பார்த்தேன். உன்னிடம் எடுத்துச் சொல்வான் என்று நம்பிப் போனால், அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எங்கள் பட்டணத்தில் பெண் வீட்டை விட்டு வரமாட்டாள், மாப்பிள்ளைதான் குடிபோவான், இதுகூடத் தெரியாமலா கட்டினீர்கள் என்கிறான். கடலுக்குப் போகிறவன் திரும்பினாலும் திரும்புவான், இல்லாவிட்டால் கொழும்பிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்வான், எது நடந்தாலும் பெண்பிள்ளைக்குத் தலைக்கு மேலே கூரை வேண்டும் என்றுதான் அந்தக் காலத்திலேயே வீட்டை மகளுக்கு என்று வைத்தார்களாம். என்னிடம் சொல்கிறான் இதை! நான் எந்தக் கடலுக்குப் போனேன்? வாஷி பாலத்தைத் தாண்டினதே அவனைப் பார்க்கத்தான்.

கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். மேலப்பாளையத்துக்காரன் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கமாட்டான் என்று அன்றைக்கே உன் வாப்பாவிடம் சொன்னவன் நான், அதில் மாற்றமில்லை என்று உனக்கு நாலு வரி எழுதிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வந்து உன் மெசேஜை மறுபடி போட்டுக் கேட்டேன். என் வீடு, என் வீடு என்று எத்தனை தடவை சொல்கிறாய்! இங்கே இந்த இடத்தை நீ ஒரு நாளும் வீடு என்று சொன்னதில்லை. ரூம் என்றுதான் சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்கிறேன், சீத்தா கேம்ப் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது உறைத்ததே இல்லை.

நேற்று ராத்திரி மிஷினைப் பிரித்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாமென்று சாக்கில் கை வைத்தேன். பிரிக்கவும் செய்தேன். பிறகு எண்ணெய் போட்டு, ஊசி மாற்றி, திரும்பக் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை பைசான் அனுப்புவான். பெடலில் லேசாகச் சத்தம் வருகிறது, பயப்படாதே, பழசுதான்.

வா என்று எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த ரயிலில் வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். வந்து முகம் கோணாமல் சமைப்பாய், தண்ணீர் பிடிப்பாய். இந்த மெசேஜில் பேசுகிறவளை மட்டும் நான் மறுபடி பார்க்கமாட்டேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கார்கானாவை இரண்டு மாதம் பைசான் பார்த்துக்கொள்வான். அதற்கு மேலும் பார்த்துக்கொள்வான் என்று வைத்துக்கொள். ஆனால் கூப்பிடாமல் நான் வரமுடியாது. என்ன இருந்தாலும் உங்கள் ஊருக்கு நான் மாப்பிள்ளை. வாங்க என்று நீ ஒரு தரம் சொன்னால் போதும்.

அல்லாஹ் உன் வீட்டுக்கும் அதில் குடியிருப்பவர்களுக்கும் பரக்கத் தருவானாக. என்னையும் சேர்த்துத்தான் இந்த துஆ கேட்கிறேன். நீ ஆமீன் சொல்வாயா?

உன்
ஜமால்