இரண்டு சீட்டிலும் பொருட்காட்சி

16-1-76, வெள்ளி

காலையில் பனி. பொங்கல் பானையில் கரி இன்னும் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கை எரிகிறது.

ஞாயிறு கடைக்கு விடுமுறை. எங்கள் முதலாளி குடும்பத்தோடு வெளியே போகலாம் என்கிறார். (வீட்டுக்காரர்தான். பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டு எனக்கும் அதே பழக்கம்.) வருஷத்தில் ஒரு நாள் அதிசயம்.

சேகருக்குப் பொருட்காட்சி, ராட்சத ராட்டினம். பத்து வயசு, வேறென்ன கேட்பான். திலகாவுக்கு எலியட்ஸ் பீச். "அலையில நல்லா நனையணும்மா. மதுரைக்குப் போயிட்டா கடலுக்கு எங்க போறது?"

மதுரை மாப்பிள்ளை வீட்டார் 23ஆம் தேதி தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். இந்த நேரத்தில் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் ஆடினால் பெண் கறுத்துப்போவாள். 'மாநிறம்தான்' என்று மாப்பிள்ளையின் அம்மாள் ஏற்கெனவே இழுத்தாள்.

17-1, சனி

அக்காவுக்கும் தம்பிக்கும் விடிந்ததிலிருந்து சண்டை. முதலாளி பேப்பரை மடித்து வைத்தார். "என்னத்துக்குச் சத்தம்? சீட்டு எழுதி முருகன் முன்னால போடு. அவன் சொல்ற இடத்துக்குப் போவோம்."

இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சீட்டுதான். கடைக்குப் பெயர் வைத்தது, சேகரைப் பள்ளியில் சேர்த்தது, எல்லாம்.

எழுதியது நான். இரண்டிலும் 'பொருட்காட்சி' என்றே எழுதினேன். திலகா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். முருகனை ஒரு தடவை பார்த்தாள். சேகர் குதித்தான். மற்றதை அடுப்பில் போட்டேன்.

18-1, ஞாயிறு

தீவுத்திடல். கூட்டம், புழுதி. மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது. ராட்டினக்காரன், "இன்னா நைனா, பயமா கீதா? கெட்டியா புச்சிக்கோ" என்றது சேகரை இல்லை, முதலாளியை. மேலே போனதும் 'முருகா முருகா' என்று இவர் போட்ட சத்தம் கீழே கேட்டது.

திலகா ஏறவில்லை. "தல சுத்தும்மா." என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உச்சியிலிருந்து சேகர் கத்தினான்: "அக்கா, கடல் தெரியுதுக்கா!" இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஒரு நாள், நனைந்துவிட்டுத்தான் போகட்டுமே. என்ன கறுத்துவிடப் போகிறாள்.

21-1, புதன்

வெற்றிலை, கதம்பம், மஞ்சள் கிழங்கு, வாழைப்பழம் இரண்டு சீப்பு. ஜமுக்காளம் எதிர்வீட்டில் கேட்க வேண்டும்.

திலகா காலேஜ் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷம் இன்னும் முடியவில்லையே என்றேன். "இனிமே எதுக்கும்மா?" பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். பால் பொங்கியது, ஓடினேன்.

23-1, வெள்ளி

தாம்பூலம் மாற்றியாயிற்று. அந்த அம்மாள், "பொண்ணு நல்லா களையா இருக்கா" என்றாள். கடலுக்கு அனுப்பாதது நல்லதாயிற்று என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை மெச்ச வேறு ஆளா வேண்டும்.

24-1, சனி

நல்ல வெயில். திலகா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பாதித் தலை வாரியிருப்பேன்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லாத. அன்னிக்குச் சீட்டுல கடற்கரைன்னு வந்தா, இந்தக் கல்யாணம் வேணாம், படிச்சு முடிக்கிறேன்னு அப்பாகிட்ட சொல்லிடணும்னு முருகனை வேண்டிக்கிட்டேன். வரல. சரின்னு விட்டுட்டேன்."

சீப்பு அப்படியே நின்றது. அடிப்பாவி, என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லும்படி நான் எப்போது இருந்தேன்?

"முருகன் எனக்கு நல்லதத்தானேம்மா சொல்லியிருப்பாரு?"

நல்லவேளை, அவள் முதுகுதான் என் பக்கம் இருந்தது. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கூடத்தில் முதலாளி பத்திரிகை அடிக்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"ஆமாடி" என்றேன்.

பாவி, ஆமாம் என்று சொன்னேன்.